வெறுமெழுத்துக்காரரும் ஒரு சிவப்புச் சம்மதமும்

செக் நாட்டின் புர்னோ நகரத்தில் எங்கள் நிரல் எழுதும் கூட்டத்துக்குள் ஒரு வதந்தி: லுபோர் ஒரு பெண்ணிடம் கல்யாணம் கேட்டாராம், அவள் எழுதிய பதிலைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாராம். யாரும் நம்பவில்லை. நான் பாதி நம்பினேன். காரணம், லுபோர் ஒரு வெறுமெழுத்துக்காரர்.

இந்த இனத்தை நீங்கள் எங்காவது சந்தித்திருப்பீர்கள். மின்னஞ்சல் என்றால் இவருக்கு எழுத்து மட்டும்தான். தடித்த எழுத்து ஆகாது, நிறம் ஆகாது, படம் ஆகாது, பெயருக்குக் கீழே பளபளக்கும் கம்பெனி முத்திரை ஆகவே ஆகாது. ஒரு வரிக்கு எழுபத்திரண்டு எழுத்து. கேள்விக்கு மேலே பதில் எழுதுகிறவன் காட்டுமிராண்டி. அச்சுப்பொறிகளுக்கான இலவச நிரல் ஒன்றை ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிற பலரோடு நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம். எங்கள் அஞ்சல் குழுவுக்கு லுபோர்தான் காவல். புதிதாகச் சேர்ந்தவர் "அச்சுப்பொறியில் புகை வருகிறது!" என்று பதறி எழுதினால், அவர் எழுத்தின் நீல நிறத்தைத்தான் இவர் முதலில் அணைப்பார்.

கெட்டவரா? சேச்சே. பழைய கணினியிலும் திறக்கும், பார்வையற்றவருக்கும் படித்துக் காட்டும், இடத்தை அடைக்காது என்று அவர் சொல்கிற காரணங்கள் அத்தனையும் சரி. அதுதானே தொல்லை!

விசாரிக்கக் கிளம்பினேன். யித்கா, அதாவது அந்தப் பெண், பீர்க்கடையில் காடியில் ஊறிய சாஸேஜை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள்.

"கேட்டது நிஜம்தானா?"

"நிஜம்தான். எதிர்ல உக்காந்து சூப் குடிச்சிட்டிருந்த மனுஷன், 'மெயில் பாரு'ங்கிறார். வாயால கேட்டா பதிவுல நிக்காதாம்."

"நீ என்ன எழுதின?"

"'சரி'ன்னு. பெருசா, சிவப்புல. சந்தோஷம்ப்பா, கை சும்மா இருக்குமா? அடுத்த நிமிஷமே அவரோட மெஷின், 'அலங்காரம் நீக்கி மீண்டும் அனுப்பவும்'னு திருப்பிடுச்சு."

"அனுப்பிட வேண்டியதுதானே?"

"நான் ஏன் அனுப்பணும்? சம்மதத்தை ரெண்டு தடவை எவ சொல்லுவா?"

ஆக, திருப்பியது இயந்திரம். அதற்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது லுபோர். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார்.

"யித்கா பதில் போட்டது தெரியுமாய்யா?"

"வந்துச்சு, தடுத்தாச்சுன்னு பதிவு இருக்கு. உள்ள என்ன இருந்துச்சுன்னுதான் தெரியல." அஞ்சல் பெட்டியை மறுபடி திறந்து பார்த்தார். "மாட்டேன்னு எழுதியிருப்பாளோ?"

"அவ ஒருத்திக்கு மட்டும் கதவைத் திறந்து விடேன்!"

"ஒருத்திக்குத் திறந்தா, நாளைக்கு ஊரே பூப்போட்ட மடலோட வாசல்ல வந்து நிக்கும்."

"எப்படியோ போ. நானே சொல்றேன், கேட்டுக்கோ. அவ என்ன..."

இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வாயால வேணாம்! எழுதி அனுப்பு!"

எழுதினேன். நிறமில்லை, படமில்லை, வரிக்கு எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. அவர் கேள்வியை அப்படியே வைத்து, அதன் தலைமாட்டில் யித்காவின் பதிலைப் போட்டேன். உடனே மறுமொழி வந்தது: "பதிலைக் கேள்விக்கு மேலே இட்டிருக்கிறீர்கள். மேலே இருப்பதை நான் படிப்பதில்லை. கீழே எழுதி மீண்டும் அனுப்பவும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்க ரோஜாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர் யார்? அதுகூடப் போகட்டும், சற்று முன், "என்ன இருந்தாலும் யித்கா சிவப்புல எழுதியிருக்கக் கூடாது" என்று உங்கள் தலை லேசாக ஆடியதே, அதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?

பாவம், லுபோர் இன்னும் அஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறாராம். அவருக்குச் சேரவேண்டிய அந்த ஒரு வார்த்தை இப்போது என்னிடம்தான் பாக்கி. இரண்டு வரியை மேலும் கீழுமாக மாற்றி வைத்தால் தீர்ந்துவிடும். ஆனால் ஒழுங்காக எழுதியதை நான் எதற்கய்யா மறுபடி அனுப்ப வேண்டும்?