எல்டர் மரத்துக் கிழவியிடம் நான் கேட்காதது

லிங்கன்ஷயர்,
1974 நவம்பர் 9

அன்பு மிகுந்த வின்னி அக்காவுக்கு,

தம்பி ரெஜி எழுதுவது. நான் இங்கே சுகம். முதுகுதான் மழைக்கு முன்னால் தகவல் சொல்கிறது. நீயும் உன் பூனையும் ஹல் நகரத்தில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உன் பித்தப்பை ஆபரேஷனைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். "எழுபத்தோரு வயசுல எதுக்குடா கத்தி? போற வரைக்கும் போகட்டும் விடு"ன்னு போன மாசம் ஃபோன்ல சொல்லிட்டு டக்குன்னு வெச்சுட்டே. டாக்டர் டிசம்பர் பத்தாம் தேதி குறித்ததையும், அடுத்த தடவை வலி வந்தால் தாங்காது என்று அவர் சொன்னதையும் நான் மறந்தே போனேன். இது ஒயின் பற்றிய கடிதம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கொல்லைக் கழிப்பறை ஓரமாக ஒயினுக்கென்று ரெண்டு எல்டர் மரக் குச்சி நட்டேனே, ஒன்று மட்டும் இருந்தால் சரியாகக் காய்க்காதென்று வெவ்வேறு மரத்திலிருந்து ஒடித்து வந்தது, அவை இந்த வருஷம்தான் மிளகு மாதிரிக் கறுப்பாகக் கொத்துக் கொத்தாகப் பழுத்தன. பழுத்ததும் ஊர்ப் புறாவெல்லாம் வந்து தின்றுவிட்டு, அடுத்த வீட்டு டோரிஸ் காயப்போட்ட வெள்ளை விரிப்பில் ஊதா ஊதாவாகப் போய் வைத்தன. வேலிக்கு மேலே அவள் தலை வந்தது. "ஒண்ணு மரத்துக்கு வலையப் போடு, இல்ல புறாவுக்குக் கோவணம் கட்டு!" என்றாள். அதோடு விட்டாளா? "பறிக்கறதுக்கு முன்னால எல்டர் மரத்துக்குள்ள குடியிருக்கற கிழவிகிட்ட தொப்பியக் கழட்டிட்டுக் கேட்டியா? கேக்காம தொட்டா அவ சும்மா விட மாட்டா" என்றாள். "நான் சேப்பலுக்குப் போறவன், டோரிஸ். மரத்துகிட்டல்லாம் பேச மாட்டேன்" என்றேன். "அப்ப அனுபவி" என்றாள்.

அனுபவித்தேன். ருசி பார்க்கிறேன் பேர்வழி என்று ஒரு கை அள்ளிக் காம்போடு பச்சையாகவே மென்றுவிட்டேன், அக்கா. அன்றைக்கு முழுக்கக் கழிப்பறையில்தான் குடித்தனம். கதவுக்கு வெளியே டோரிஸ் நின்று கத்துகிறாள்: "பச்சையாவா தின்னே, மடையா? காம்பும் காயும் விதையும் ஆகவே ஆகாதுய்யா! கறுத்த பழமா முள்கரண்டியால உதிர்த்து, கொதிக்க வெச்சுல்ல எடுக்கணும்!" "முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றேன் உள்ளேயிருந்து. "நீதான் யார்கிட்டயும் கேக்க மாட்டேன்னியே!"

அப்புறம் அவள் சொன்னபடியே உதிர்த்து, கொதிக்க வைத்து, விதை நசுங்காமல் வடிகட்டி, ஆறினதும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, சுத்தமாகக் கழுவின கண்ணாடி ஜாடியில் ஊற்றி, காற்று வெளியே போகும் உள்ளே வராத குழாய் மூடியை மாட்டினேன். அது நாள் முழுக்க ப்ளுக், ப்ளுக் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. என் பெண்டாட்டி மேபெல் செத்ததுக்கப்புறம் இந்த வீட்ல வாயத் தொறந்து பேசினது அது ஒண்ணுதான். நானும் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். சத்தம் குறைஞ்சதும் எனக்குப் பொறுக்கலை, ஆறு பாட்டில்ல அடைச்சுக் கார்க்கைத் தட்டி அலமாரியில வெச்சுட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நம்ம சேப்பல் போதகர் டீ குடிக்க வந்திருந்தார். காலையிலதான் மது ஆகாதுன்னு முக்கால் மணி நேரம் பிரசங்கம். கேக்கை வாயில வெக்கறார், அலமாரிக்குள்ள டமார்! டமார்! டமார்! கதவு தானாத் திறந்து ஒயின் அவர் பூட்ஸ் வரைக்கும் ஓடி வந்துடுச்சு. "என்ன இது, பிரதர் ரெஜி?" "இருமல் மருந்துங்க." அவர் சட்டைக் கையில் தெறித்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு தடவை தொட்டு வைத்தார். "எனக்கும் ரெண்டு நாளா இருமல்தான்" என்றார்.

தப்பின மூன்று பாட்டிலையும் சின்ன ஜாடியில் திரும்ப ஊற்றியிருக்கிறேன். ப்ளுக் அடியோடு நின்று, தெளிந்த பிறகுதான் இனி கார்க். அதற்கப்புறமும் ரெண்டு வருஷம் இருட்டில் கிடக்க வேண்டும். முன்னால் திறந்தால் நாக்கைக் கடிக்கும். எல்லாம் ஊர்க் கண்காட்சிப் போட்டிக்கு. உனக்கில்லை.

பூனைக்கு ஒரு தடவலும் உனக்கு ரெண்டு கன்னத்திலும் முத்தமும் அனுப்பும்,
உன் தம்பி ரெஜி

பி.கு.: போட்டியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மூணு பாட்டிலும் உனக்குத்தான். '1977க்கு முன் திறக்கக் கூடாது, வின்னி மட்டும்'னு லேபிள் எழுதி வெச்சுட்டேன். மரத்துக் கிழவிகிட்ட பேச மாட்டேன்னு சொன்ன வார்த்தையும் நிக்கலை. நீ ஃபோனை வெச்ச அன்னிக்கு, டோரிஸ் கடைக்குக் கிளம்பற வரைக்கும் காத்திருந்து, மழையில தொப்பியக் கழட்டிட்டுப் போய் நின்னேன். பழத்தைக் கேக்கலை. எனக்குன்னு இருக்கறது ஒரே அக்கா, அவள விட்டு வைன்னு கேட்டேன். பதிலுக்கு ஒரு பாட்டிலை வேர்ல ஊத்தறதா வாக்குக் குடுத்துட்டேன், அதனால இப்ப மூணுல ஒண்ணு அவளுக்கு, கோச்சுக்காதே. போதகர்கிட்ட சொன்ன இருமல் மட்டும் பொய்யில்லை. அன்னிக்கு நனைஞ்சதுல பிடிச்சது, இன்னும் விடலை. டிசம்பர் ஒன்பதாம் தேதி ஆறு தாண்டிப் படகுல வரேன். ஆஸ்பத்திரிக்குப் பெட்டியக் கட்டி வை.