ஷார்டனே ருசி ஆலோசகர்

உலகத்தில் ஏமாறவே ஏமாறாத மனிதர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் இருவர் யாரென்று தெரியவில்லை. மூன்றாமவர் ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில், ஏரிக்கு அடியில் ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை வைத்துப் பிழைத்த தாண்டவராயன். இரண்டாம் வகுப்பிலேயே வாத்தியாரைச் சந்தேகப்பட்டுப் படிப்பை நிறுத்தியவர். தபால்காரர் கடிதம் கொடுத்தால்கூட, "இத்த இன்னாத்துக்கு எங்கிட்ட குடுக்கற?" என்று விசாரித்த பிறகே வாங்குவார்.

அப்பேர்ப்பட்டவரைத் தேடி 1983 ஆவணியில் ரகுபதி என்பவர் ஜீப்பில் வந்தார். பட்டணத்து ஒயின் கம்பெனி ஒன்றின் அதிகாரி. 'ஷார்டனே' என்னும் வெள்ளைத் திராட்சை பயிரிட நிலம் தேடினார். நிலம் எழுதித் தருபவருக்குக் கம்பெனியில் பங்கு. கூடவே 'ருசி ஆலோசகர்' என்ற பதவி.

"சோறு போடற நெலத்த குடுத்துட்டு பங்கா? வேற ஆளப் பாருய்யா," என்றார் தாண்டவராயன்.

ரகுபதி கோபப்படவில்லை. மூன்று புட்டிகளைக் கயிற்றுக் கட்டிலில் வைத்தார்.

"குளிர் நாட்டுல இந்தத் திராட்சை புளிக்கும், பெரியவரே. வெயில் ஊர்ல நல்லாப் பழுத்துடும். புளிப்பு குறையும், போதை ஏறும். மாம்பழம், அன்னாசி வாசனை வரும். நீங்களே ருசி பாத்துச் சொல்லுங்க."

"நீ மொதல்ல குடி."

ரகுபதி ஒரு வாய் எடுத்து, கொப்பளித்து, வேலியோரம் துப்பினார்.

"மரகதம், வந்து பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார் தாண்டவராயன். "செஞ்சவனே துப்பறான்!"

"ருசி பாக்கறவங்க முழுங்கக் கூடாது. முழுங்கினா நிதானம் போயிடும்."

நிதானமாக இருப்பவனை நம்பக் கூடாது என்பது தாண்டவராயனின் கொள்கை. மூன்றையும் முழுங்கினார்.

முதலாவது எவர்சில்வர் தொட்டியில் இருந்தது. "எலுமிச்சம்பழத்த ஈரக் கல்லுமேல நறுக்கின மாதிரி கீது." இரண்டாவது புது மரப் பீப்பாயில் ஊறியது. "வெண்ணெ காய்ச்சின சட்டி. அடியில லேசா கருகிக்கினு கீது." மூன்றாவது இரண்டையும் கலந்தது. "இது ரெண்டு கட்சிக்கும் தலையாட்டற பஞ்சாயத்துத் தலைவரு."

ரகுபதி எல்லாவற்றையும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். "பம்பாய்ல சூட்டு போட்ட நிபுணர்ங்க இதத்தான் மூணு பக்கம் எழுதினாங்க!"

அறுபத்திரண்டு வயதுவரை தாண்டவராயனின் கருத்தை யாரும் எழுதிவைத்ததில்லை. மரகதம் கேட்டதுகூட இல்லை. ரகுபதியைச் சந்தேகத்தோடு பார்க்க முயன்றார். முடியவில்லை.

"ஒரே கேள்விதான். இந்தக் கொடிக்கு வேர்ல தண்ணி நிக்கக் கூடாது. ஐப்பசியில உங்க நெலத்துல நிக்குமா? நிக்கும்னா பரவாயில்ல. தண்டலத்துல உங்க சம்பந்தி கோதண்டராமன் மேட்டு நெலம் தரேன்னு சொல்லியிருக்காரு. பதவியும் அவருக்குத்தான்."

ஐப்பசியில் அந்த நிலத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். தவளைக்கே சலித்துப்போகும். ஆனால் கோதண்டராமன் ருசி ஆலோசகரா? கல்யாண விருந்தில் பாயசத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்ட அந்த வாயா?

"ஒரு சொட்டு நிக்காது," என்றார்.

மரகதம் பலமாக இருமினாள்.

"அவளுக்குச் சளி," என்றார்.

ரகுபதி நேர்மையானவர். 'கம்பெனி மூழ்கினால் நிலமும் போகும்' என்ற வரியை நான்கு தடவை படித்துக் காட்டினார். தாண்டவராயன் தன் பதவி வரும் வரியை மட்டும் ஐந்தாவது தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கைநாட்டு வைத்தார்.

புரட்டாசியில் கொடி நட்டார்கள். ஐப்பசி தன் கடமையைச் செய்தது. கொடி அழுகியது, கம்பெனி மூழ்கியது, நிலமும் போனது. தை மாதம் ரகுபதி பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜீப்பும் போய்விட்டது.

"மன்னிச்சுடுங்க, பெரியவரே," என்று கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது. "உங்க வார்த்தைய நம்பினேன், அதுல தப்பில்ல. இந்த வருசம் தண்ணி நிக்கும்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாமப் போச்சே!"

ஏமாறாத மனிதர் தரையைப் பார்த்தார்.

மரகதம் ரகுபதிக்கு மோர் கொடுத்தாள். "இவுரு ஏன் ஊர்ல ஒருத்தரையும் நம்ப மாட்டேங்கறாருன்னு நாப்பது வருசமா யோசிச்சேன், தம்பி," என்றாள். "எல்லாரும் இவுரு மாதிரியே இருப்பாங்கன்னு நெனச்சிக்கினு இருந்திருக்காரு."