ஐம்பத்தெட்டு வீத இதயம்

றொசல்ல,
வியாழக்கிழமை.

நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் சோலைமலை அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி புருஷன் மாடசாமி எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கச்சி பூமயில் சுகம், இரண்டு மாடுகளும் சுகம். என்னைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை. ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவன் திடீரென்று கடிதம் போடுகிறானே என்று பதற வேண்டாம், பதறுகிற வேலையை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் எங்கள் லயத்து வீட்டுப் படி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. "ஹட்டனுக்குப் போயி நெஞ்சைக் காட்டிட்டு வாங்க" என்று பூமயில் விரட்டினாள். இன்று போனேன். அங்கே ஒரு கிளினிக்கில் புது ஸ்கேன் மெஷின் வந்திருக்கிறது. முன்பெல்லாம் டொக்டர் திரையில் கையால் கோடு இழுத்து இதயத்தை அளப்பாராம். இப்போது மெஷினுக்குள் இருக்கும் கம்பியூட்டரே கோடு போட்டு, ஒரு துடிப்புக்கு இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று நூற்றுக்கு இத்தனை வீதம் எனக் கணக்குச் சொல்லிவிடுகிறது. அதை இயக்குவது ஆர்த்திகா என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நான் ஸ்வெட்டரையும் இரண்டு சட்டைகளையும் கழற்றி முடிப்பதற்குள் வெளியே வரிசை நீண்டுவிட்டது. நெஞ்சில் ஸ்கேனுக்கான குளிர்ந்த களிம்பைத் தடவியதும் நான் துள்ளியதில் முதல் படம் கெட்டது, அந்தப் பிள்ளைக்கு எந்த ஊர் என்று விசாரித்ததில் இரண்டாவது படமும் கெட்டது. "ஐயா, கதைக்காமல் இடப்பக்கம் சரிஞ்சு படுங்கோ, மூச்சைப் பிடிங்கோ" என்றார். பிடித்தேன். விடச் சொன்ன பிறகும் ஒரு பாதுகாப்புக்காகப் பிடித்துக்கொண்டே இருந்தேன். திரையில் கோடு தானாக வளைந்து இதயத்தைச் சுற்றி வந்தது, பக்கத்தில் 58 என்று விழுந்தது.

முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பிடித்தவன் நான். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துத்தானே கொழுந்து நிறுப்போம், அதனால், "மெஷின் எதையாச்சும் கழிச்சுப் போடுதா தங்கச்சி?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, உள்ளதைத்தான் சொல்லும். டொக்டர் வீட்டுக்குப் போயிட்டார், நாளைக்கு வந்து கேளுங்கோ" என்றார். டொக்டர் எதற்கு, எனக்குத் தெரியாதா? தோட்டத்தில் ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். அரைக் கிலோ குறைந்த பொம்பளைகளுக்கும் இரக்கமில்லாமல் அரைப்பேர் போட்ட கை இது. இன்றைக்கு என் இதயமே அரைப்பேர்க்காரன் ஆகிவிட்டது.

ஆகவே மச்சான், போகிற நேரத்தில் மனதில் எதையும் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. உங்கள் மகள் கல்யாணத்தில், மாமன் என்றும் பாராமல் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தீர்கள். பாயாசம் முடிந்து, வாளியில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்காக ஆறு வருடம் பூமயிலை உங்கள் வாசல் மிதிக்க விடவில்லை. அவளும் கேட்டதில்லை, ஹட்டனில் நோட்டன் பஸ் நின்றால் மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். உங்களை முழு மனதாக மன்னித்துவிட்டேன். எனக்குப் பிறகு அவளை அழைத்துப்போய் வைத்துக்கொள்ளுங்கள். என் பதினாறாம் நாள் சாப்பாட்டில் நீங்கள் முதல் பந்தியிலேயே உட்காரலாம், எனக்கு வருத்தமில்லை.

உங்கள் வீட்டம்மாவுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு இருக்கிற இதயத்தால் ஆசிகள்.

இப்படிக்கு,
மாடசாமி.

பி.கு.: இன்று வெள்ளி. டொக்டர் ரிஸ்வியைப் பார்த்தேன். "இதயம் ஒரு துடிப்புல எல்லா ரத்தத்தையும் வெளியே தள்ளாதுங்க ஐயா. யாருக்குமே நூறு வராது. ஐம்பத்தெட்டுன்னா நல்ல இதயம். நீங்க தொப்பையைக் குறைங்க, மூச்சு வாங்காது" என்று சிரித்தார். ஆகவே மேலே கண்ட மன்னிப்பு செல்லாது என்று சொல்லிக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பூமயில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாகப் போறவருக்குத்தான் எங்க அண்ணன் வேணுமா? நல்லா இருக்கிற மனுசனுக்கு வேணாமா?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மச்சான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறோம். தபால் எங்களுக்குப் பிறகுதான் வந்து சேரும் என்பதால் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். நீங்கள் இதை வாசிக்கும்போது உங்கள் முன்னால்தான் நின்றுகொண்டிருப்பேன். உட்காரச் சொல்லுங்கள்.