நெசவாளி ஏன் மகிழ்ந்தார்?

பாடம் நடத்தத் தெரிந்தவர்கள் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் சொந்தமாக எழுதினேன்.

எழுபதுகளின் கடைசி. ஆரணியில் தறிக்காரர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீடு கண்ணமங்கலம் பக்கம், ஏரும் மாடும்தான். இன்ஸ்பெக்டர் என் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரம். (என் கல்யாணப் பேச்சும் அந்தக் காகிதத்துக்காகத்தான் காத்திருந்தது.)

பிள்ளைகள் புத்தகத்தைக் கடகடவென்று வாசிப்பார்கள். அர்த்தம் கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். தெரிந்த விஷயமாக இருந்தால் புரியுமே என்று, இன்ஸ்பெக்டர் வந்த அன்று நானே எழுதிய பத்தியைக் கரும்பலகையில் போட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

“அடைமழை பிடித்துக்கொண்டது. நெசவாளி மகிழ்ச்சியோடு தறியில் அமர்ந்தார்.”

“நெசவாளி ஏன் மகிழ்ந்தார்?” என்று கேட்டேன். மழை பெய்ததால். இவ்வளவுதான் பதில். நாற்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள். “ம... ம...” என்று நானே எடுத்துக் கொடுத்தேன் (வெட்கமில்லாமல்).

காமாட்சி என்ற பெண் எழுந்தாள். “தெரியல சார். மழ பேஞ்சா தறிக்குழில தண்ணி பூந்துடும். எங்கப்பா சும்மா உக்காந்துகினு இருப்பாரு.”

“பாவு நூல தெருவுல நீட்டி காயவெக்க முடியாது சார். ஒரே பேஜாரு!” என்றது பின்வரிசை.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப இவரு மட்டும் ஏம்மா சந்தோஷமா இருக்காரு?”

காமாட்சி பலகையை மறுபடியும் நிதானமாக வாசித்தாள். “அவரு சந்தோஷப்படல சார். எழுதனவருதான் சந்தோஷப்படறாரு. அவரு ஊட்ல நெலம் இருக்கும். தறிய பாத்திருக்க மாட்டாரு.”

“எழுதினது யாருங்க சார்?” என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

“நான்தாங்க.” குரல் கண்ணமங்கலத்திலிருந்து வந்ததுபோல் இருந்தது.

வகுப்பே சிரித்தது. வேலை போயிற்று, கல்யாணமும் போயிற்று என்று நின்றேன். அவர் எழுதிய குறிப்பு இது: “மாணவர்கள் நன்கு புரிந்து வாசிக்கிறார்கள். ஆசிரியரும் முயலலாம்.” வேலை நிலைத்தது.

அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. எழுதியவனையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று எனக்குப் பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. பத்து வயதில் அவள் செய்து காட்டினாள். அதற்கப்புறம் எந்தப் பாடத்துக்கும் என் முதல் கேள்வி, “இத எழுதனவருக்கு எது தெரியல?” கூரையைப் பார்த்த பிள்ளைகள் புத்தகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

கல்யாணமும் நடந்தது. இப்போதும் மழை வந்தால் போதும், உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்: “என்னாங்க, நெசவாளி மகிழ்ந்தாரா? மாடில துணி நனையுது, ஜல்தியா போயி எடுங்க!”