தாடைக் குருவின் தகடு

இந்தோனேசியாவின் செமராங் நகரில் கடல் தண்ணீர் தெருவுக்குள் ஏறினால் ஜனங்கள் வீட்டுக்குள் ஒதுங்கிவிடுவார்கள். பாஸ்கோரோ குருவின் வாசலில் மட்டும் அது நடக்காது. கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசை நிற்கும். முதுகு வலித்தவர்கள், மூட்டு வீங்கியவர்கள், சர்க்கரை ஏறியவர்கள், மாப்பிள்ளை அமையாதவர்கள். எல்லோருக்கும் நோய் ஒன்றுதான்: கடி கோணல்! மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தவில்லையாம். பல் கோணினால் தாடை கோணுமாம், தாடை கோணினால் முதுகெலும்பு கோணுமாம், முதுகெலும்பு கோணினால் ரத்தமே கோணிவிடுமாம். ரத்தம் எப்படிக் கோணும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாய் வேண்டும். அதற்குள்தான் குரு விற்கிற பல் தகடு உட்கார்ந்திருக்கிறதே!

அந்த வரிசையில் தார்மியும் நின்றாள். கல்யாண வீடுகளில் பாடுகிறவள். வாயை அகலத் திறந்தால் இடது காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே சுருக்கென்று வலி. உச்சத்தில் பாட முடியாத பாடகியை யார் கூப்பிடுவார்கள்? பயந்துபோய் வந்திருந்தாள். துணைக்கு அவளுடைய குழுவின் மத்தளக்காரர் முகியோனோ. அவருக்குச் சர்க்கரை.

வெள்ளை அங்கி போட்ட பாஸ்கோரோ தார்மியை அரங்கு மேடையில் ஏற்றினார். அங்கி மட்டும் டாக்டருடையது.

"கையை நீட்டும்மா." நீட்டினாள். ஓர் அழுத்து. கை பொத்தென்று விழுந்தது.

நீலத் தகடு ஒன்றை அவள் கடைவாயில் செருகினார். "கடி. மூச்சை இழு. இப்ப இறுக்கிப் பிடி!" அழுத்தினார். கை அசையவில்லை.

"பாத்தீங்களா? பல்லு சேந்தா பலம் சேரும்!" கூட்டம் சொக்கிப்போனது. அடுத்து முகியோனோவின் கையும் விழுந்தது, தகடு கடித்ததும் நின்றது. "இனிமே மாத்திரை எதுக்கு? தகடும் மாத்திரையும் உடம்புக்குள்ள சண்டை போடும். ஒண்ணை நிறுத்திடுங்க." எதை நிறுத்துவது என்று அவர் சொல்லவே தேவையிருக்கவில்லை.

தாயத்துத் தகட்டைக் கழுத்தில் கட்டினால் பட்டிக்காடு. அதையே வாயில் வைத்தால் விஞ்ஞானம்!

தகடோடுதான் தார்மி அடுத்த கல்யாணத்தில் பாடினாள். உச்சத்துக்குப் போனாள். வாய் திறந்தது, திறந்தபடியே நின்றுவிட்டது. மூட முடியவில்லை. கண்ணில் நீர் வழிய, கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். பெண் வீட்டார் என்ன உருக்கம் என்று கைதட்டினார்கள்.

அரசு மருத்துவமனையில் விடா என்ற பல் டாக்டரம்மா தாடையைப் பக்குவமாக அழுத்தி உள்ளே தள்ளினார். பிறகு தகட்டை வாங்கிப் பார்த்தார்.

"தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?"

"வீட்டுக்காரர் சொல்றாரு. எலி கொறிக்கிற மாதிரி இருக்காம்."

"அதான் தாடைத் தசை வலிக்குது. பல்லு சரியாப் பொருந்தாட்டியும் சில பேருக்கு வலி வரும், இல்லேங்கல. ஆனா அளவெடுத்துப் பாக்காம ஊருக்கெல்லாம் ஒரே தகடா? இது கடைவாயில முட்டுக் கொடுத்து தாடையையே தள்ளி விட்டிருக்கு."

"அப்ப எங்க மத்தளக்கார அண்ணனோட சர்க்கரை, டாக்டரம்மா?"

"பல்லு பொருந்தினா சர்க்கரை போயிடும்னா, நான் எதுக்குத் தினம் மாத்திரை முழுங்குறேன்?"

வெந்நீர் ஒத்தடம், கஞ்சி, தாடைக்கு ஓய்வு. மெல்ல மெல்ல வலி இறங்கியது. ஆனால் முகியோனோவின் கால்விரலில் வந்த புண் இறங்கவில்லை. ஆறாமல் கறுத்துக்கொண்டே போனது. தார்மி அவர் வீட்டுக்கே போனாள்.

"அண்ணே, காலே போயிடும். மாத்திரையைப் போடுங்க."

"என் கண்ணால பாத்தேன் தங்கச்சி. தகடு கடிச்சதும் கை இரும்பாட்டம் நின்னுச்சே!"

தார்மி அவர் கையை நீட்டச் சொல்லி அழுத்தினாள். தகடோடும் நின்றது, தகடில்லாமலும் நின்றது. "நீ குரு இல்லியே" என்றார் முகியோனோ. இந்தப் பதிலுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தார்மி குருவின் அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்து, குருவின் முகத்தை விட்டுவிட்டு அவர் கையை மட்டும் பார்த்தாள். பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் எழுந்தாள்.

"குருவே, ஒரு சின்ன ஆசை. தகடு வச்சிருக்கிற ஆறு பேர் திரைக்குப் பின்னால வரட்டும். சில பேர் கடிச்சுக்குவாங்க, சில பேர் கழட்டிடுவாங்க. எல்லாரும் முகமூடி போட்டுட்டு வருவாங்க. கையை அழுத்தி, யார் வாயில தகடுன்னு நீங்க சொல்லுங்க."

"சக்தியைச் சோதிக்கக் கூடாதும்மா..."

"நீங்கதானே தினமும் சோதிக்கிறீங்க!" என்றது கூட்டம். அது அவரைக் காப்பாற்றத்தான் கத்தியது, பாவம்.

முதலில் ஒரு மீன்காரி. குரு யோசித்து யோசித்து அழுத்தினார். கை விழுந்தது. "தகடு இல்லை!" முகமூடி இறங்கியது. பல்லிடுக்கில் நீலத் தகடு பளபளத்தது. அடுத்தது முகியோனோ. கை நின்றது. "தகடு இருக்கு! என்ன பலம் பாருங்க!" முகியோனோ வாயைத் திறந்தார். உள்ளே நாக்குதான் இருந்தது. திறந்த வாயை அவர் மூடவில்லை. தார்மிக்கு வந்த தாடைக் கோளாறு அல்ல இது. மூன்றாவது ஆளிலும் கணிப்பு தப்பிப்போக, குருவுக்குத் திடீரென்று தலை சுற்றியது.

"உக்காருங்க, நானே காட்டுறேன்" என்றாள் தார்மி. மீன்காரியின் கையை முழங்கைப் பக்கம் அழுத்தினாள், நின்றது. மணிக்கட்டில் சொல்லாமல் ஓர் அழுத்து, விழுந்தது. "தகடு இல்லாதப்ப இங்க. தகடு வச்சா, இறுக்கிப் பிடின்னு சொல்லிட்டு அங்க. வித்தை அவர் விரல்லதான். உங்க பல்லுல இல்லை."

அரங்கில் சிரிப்பு வெடித்தது. பாஸ்கோரோ அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகத் தண்ணீரில் இறங்கி ஓடினார்.

முகியோனோ அன்றே மருத்துவமனைக்குப் போனார். அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று, கால் பிழைத்தது. தார்மி அவர் கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அரங்கிலிருந்து கலைந்தவர்களில் சிலர் போகும் வழியிலேயே, காந்தச் செருப்பு விற்கும் இன்னொரு குருவின் விலாசத்தை விசாரித்தார்கள். ஐயா, கோணிய பல்லுக்கு டாக்டர் இருக்கிறார். அதற்கு நாலு விரற்கடை மேலே ஒன்று கோணிக் கிடக்கிறதே, அதை நிமிர்த்த எந்தக் கடையிலும் தகடு விற்பதில்லை. நீங்களேதான் யோசித்தாக வேண்டும்.