வாறுகால் கலையான வரலாறு

ராஜபாளையம் பஞ்சுக்கிட்டங்கித் தெருவின் சாக்கடை வாறுகால் அடைத்துக்கொண்டு மூன்று வருஷமாகியிருந்தது. நாட்டில் அடைத்துக் கிடக்கும் வாறுகால்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த வாறுகாலின் பள்ளக் கடைசியில் முத்துப்பேச்சியின் வீடு இருந்தது. மண்சுவர் வீடு. போன ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் ஏறி, மேலச்சுவர் இடுப்பளவுக்கு ஊறிப் பாதி உட்கார்ந்துவிட்டது. இன்னொரு ஐப்பசியை அது தாங்காது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார்.

முத்துப்பேச்சி நூல்மில்லில் கோன் சுற்றுகிறவள். அறுந்த நூலைக் கண்டால் அவள் கை தானாகப் போய் முடிச்சுப் போடும். அதே பழக்கத்தில், பதில் வராத மனுவுக்கெல்லாம் இன்னொரு மனு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தாள். புருஷன் சங்கையா லாரியோடு வடக்கே போனால் திரும்ப மாசமாகும். மனு, மழை இரண்டும் இவள் பாடுதான்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆவணியில் பதில் வந்தேவிட்டது. 'தங்களது மனு, தகுதியின் அடிப்படையில், மேல்நடவடிக்கைக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் நகர்ப்புறச் சூழல் மற்றும் கலை ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

அந்த அலுவலகம் தொடங்கி நாலு மாசம் ஆகியும் வேறு ஒரு மனுகூட வந்து சேரவில்லை. பஸ் ஏறிப் போன முத்துப்பேச்சியைக் கண்டதும், அலுவலர் ரத்தினம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"வாங்கம்மா. மனுவுல அடைப்புன்னு எழுதியிருந்தீங்க. அதைத் தேக்கம்னு திருத்திட்டோம்."

"என்னமும் சொல்லிக்கிடுங்க சார். எடுக்க ஆளு வருமா?"

"மெட்ராஸ்லருந்தே வாரார்."

முத்துப்பேச்சிக்குத் தரையில் கால் பாவவில்லை. நம்ம வாறுகாலுக்கு மெட்ராஸிலிருந்து ஆள் வருகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அன்று உலை வைத்தாள்.

வந்தவர் பெயர் சமுத்திரம். கலைஞர். பிறந்தது பக்கத்துத் தளவாய்புரம்தான் என்றாலும், மெட்ராஸில் இருபது வருஷமும் ஜெர்மனியில் மூன்று மாசமும் இருந்ததில் தமிழ் கொஞ்சம் யோசித்து யோசித்துத்தான் வந்தது. வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார். மண்வெட்டி கொண்டுவரவில்லை. வாறுகாலோரம் குத்தவைத்து, தாடையில் கைகொடுத்து, ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்:

"இதை உருவாக்கினது யாரு?"

"எல்லாருந்தான் சார். பாண்டேஜ் தறிக்காரவிய பஞ்சுக் கழிவப் போடுவாக. ஓட்டல்காரவிய எச்சிலையப் போடுவாக. அந்தச் செருப்பு யாருதுன்னு தெரியல."

சமுத்திரம் கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு தெருவே சேர்ந்து, யாரும் சொல்லாம, மூணு வருஷமா! இதுதான் சமூகப் பங்கேற்பு. இதுல கை வைக்க எனக்குத் தகுதி இல்லை."

"அப்ப யாரு சார் கை வப்பா?"

"யாருமே வைக்கக் கூடாதும்மா" என்றார் ரத்தினம். "உத்தரவு."

மறுநாள் சுற்றிலும் கயிறு கட்டி, பலகை நட்டார்கள். 'நீரின் மௌனம். ஆக்கப் பொருள்கள்: கழிவு, காலம், மக்கள். தொடாதீர்.' பேப்பரில் படம் வந்தது. கார்களில் ஆள் வந்து பார்த்தார்கள். டீக்கடை இருளப்பசாமி இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார். அதுவரை குப்பையைக் கண்ட இடத்தில் எறிந்தவர்கள், இப்போது குளித்துவிட்டு வந்து, "இது எம் பங்கு" என்று வாறுகாலில் பயபக்தியோடு சேர்த்தார்கள்.

"ஏட்டி, உன்னாலதான் நம்ம தெரு ஊரு ஒலகத்துக்குத் தெரிஞ்சிருக்கு. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டாள் மேட்டு வீட்டு மாரியாத்தாள். அவள் வீட்டுக்கு மூன்றடி உயரக் கருங்கல் கடைக்கால்.

ஐப்பசி பத்தாம் தேதி சாயங்காலம் மழை பிடித்தது. செத்த நேரத்தில் தண்ணீர் முத்துப்பேச்சியின் வாசலைத் தொட்டது. ரத்தினமும் சமுத்திரமும் குடையோடு நின்று ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், சுவரு ஊறுது!"

"மழையும் பங்கேற்குதும்மா" என்றார் சமுத்திரம், குரல் தழுதழுக்க.

சுவரிலிருந்து சோற்றுப்பானை அளவுக்கு ஒரு மண்கட்டி பொத்தென்று விழுந்தது. முத்துப்பேச்சி அதற்கு மேல் யாரிடமும் பேசவில்லை. கடப்பாரையை எடுத்துவந்து, கயிற்றை அறுத்து, முழங்கால் சேற்றில் இறங்கி, மூன்றே குத்து. மூன்று வருஷத் தண்ணீரும் ஒரே மூச்சில் புறப்பட்டது. ஜிப்பா இடுப்புவரை கறுத்தது.

"ஏ எடுபட்ட மூதி! சட்டைய நாசமாக்கிட்டியே!" என்று அலறினார் சமுத்திரம். மெட்ராஸ், ஜெர்மனி எல்லாம் கழன்று, சுத்தமான தளவாய்புரம் வெளியே வந்திருந்தது.

ரத்தினத்தின் கவலை வேறு. மறுநாள் பதினோரு மணிக்கு டெல்லியிலிருந்து கலை விருதுத் தேர்வுக்குழு வருகிறது. கோப்பில் 'அடைபட்ட நிலை' என்றிருக்கிறது. தெரு கோப்புக்கு மாறாக இருக்கலாமா?

காலை ஏழு மணிக்கே லாரி வந்துவிட்டது. மூன்று வருஷமாக எடுக்க வராத லாரி, அடைக்க ஒரே ராத்திரியில் வந்தது. கூடவே எட்டு ஆட்கள். கையில் பட்டியல் வைத்துக்கொண்டு, இடதுகால் செருப்பு எங்கே என்று தேடினார்கள்.

முத்துப்பேச்சி வீட்டு முக்காலியைத் தூக்கிவந்து வாறுகாலுக்குள் போட்டு உட்கார்ந்தாள்.

"கொட்டுங்க. மொதல்ல என் தலையில கொட்டுங்க."

எட்டுப் பேரும் ரத்தினத்தைப் பார்த்தார்கள். ரத்தினம் கோப்பைப் பார்த்தார். கோப்பில் முத்துப்பேச்சிக்கு இடமில்லை. அவர் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும்போதே மணி பதினொன்றாகி, டெல்லிக் குழுவின் கார் வந்து நின்றது. இறங்கிய அம்மாள் வாயில் கை வைத்து, "யார் இவங்க?" என்றாள்.

"இவங்கதான் மேடம் இந்தப் படைப்போட மையம்" என்றார் ரத்தினம். பதவி உயர்வு வாங்கியவர்கள் சும்மா வாங்குவதில்லை.

முத்துப்பேச்சியின் மூளையும் சட்டென்று முடிச்சுப் போட்டது. "தண்ணி ஓடுனாத்தான் உக்காருவேன். அடைச்சா எந்திரிச்சுப் போயிருவேன்."

'அடைபட்ட நிலை' அடிக்கப்பட்டு 'ஓடும் நிலை' ஆனது. லாரி கொண்டுவந்ததைத் திரும்ப அள்ளிப்போனது. மில்லுக்கு லீவு போட்டு ஒரு வாரம் உட்கார்ந்தாள் முத்துப்பேச்சி. சுவர் தப்பியது. பொன்னாடை போர்த்தினார்கள்.

பொறவு சுற்றறிக்கை வந்தது. 'இனி தாளில் எழுதிய மனுக்கள் ஏற்கப்பட மாட்டா. குறையுடையோர், குறையுள்ள இடத்திலேயே நேரில் அமர்ந்து, கலைத்தரத்துடன் வெளிப்படுத்த வேண்டும்.' ரோட்டுப் பள்ளத்தில் சைக்கிளோடு படுத்தவருக்கு, 'உணர்ச்சி போதாது' என்று பதில் வந்தது. சுடுகாட்டுக்குப் பாதை கேட்டவர்கள் பாடை கட்டிப் படுத்தார்கள். 'பழைய பாணி' என்று தள்ளுபடியானது. இவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மக்கள் பிரதிநிதியாக முத்துப்பேச்சியைப் போட்டார்கள்.

தை மாசம் வன்னியம்பட்டிக்குப் போனார்கள். ஆறு மாசமாகத் தண்ணீர் வராத குழாயைச் சுற்றி, காலிக் குடங்களோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் குருவம்மாள் என்றொருத்தி, நாக்கு வறண்டு கிடந்தாள்.

'இவியளுக்குத் தண்ணியக் குடுங்க சார்' என்று சொல்லத்தான் முத்துப்பேச்சி வாயைத் திறந்தாள். பக்கத்தில் ரத்தினத்தின் பேனா திறந்து காத்திருந்தது. அந்தப் பேனா எதை எழுதும், எதை எழுதாது என்பது இப்போது அவளுக்கு மனப்பாடம். குனிந்து, மெதுவாகச் சொன்னாள்:

"ஏட்டி குருவம்மா, குடத்த இப்பிடி வரிசையா வச்சா எடுபடாது. ரெண்டக் கவுத்துப் போடு. நீ செத்த தள்ளி, வெயிலுக்கு மொகத்தக் காட்டி உக்காரு."

குருவம்மாள் வெயிலுக்கு நகர்ந்தாள்.

"அழணுமாக்கா?"

"வேண்டாம் தாயி. அழுதா தள்ளுபடி."