மாப்பிள்ளையின் இனாம் மென்பொருளும் மலர்விழி கல்யாணப் பத்திரிகையும்

திண்டிவனம்

விழுப்புரத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் அப்பாதுரை அவர்களுக்கு, தங்கள் தங்கை வேணியின் கணவன் விருத்தாசலம் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் யாவரும் சுகம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. எங்கள் சின்னவள் மலர்விழிக்குப் பார்த்த மாப்பிள்ளை சித்தார்த்தன் மென்பொருள் எழுதி ஊருக்கே இனாமாகக் கொடுக்கிறவர் என்று தெரிந்ததும், "இன்னிக்கு வேலைய இனாமா குடுக்கிறவன் நாளைக்கு வூட்டையும் குடுத்துடுவான், நிறுத்துங்க" என்று தாங்கள் சொல்லிப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிக் கொடுக்கத்தான் கம்பெனியே சம்பளம் தருகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். சரி, அந்தக் கம்பெனியும் தேறாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் விசாரிக்கப் போன இடமெல்லாம் அந்த மாதிரி இனாம் சரக்குதான் ஓடுகிறது மச்சான். கூட்டேரிப்பட்டு ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் அதுதான், பத்திரிகை அடிக்கும் ஆரோக்கியராஜ் அச்சகத்திலும் அதுதான், நம் கைபோனுக்கு அடியிலேயே அதுதானாம். தாங்கள் தினமும் எனக்கு அனுப்பும் பூப்போட்ட காலை வணக்கம்கூட எவரோ இனாமாகக் கொடுத்ததன் மேல் ஏறித்தான் வருகிறது. அன்றைக்குத்தான் நிம்மதியாக ரெண்டு உருண்டை கேப்பைக் களி சாப்பிட்டேன்.

மாப்பிள்ளை சொன்னார், "யாரு வேணா பிரிச்சிப் பாக்கலாம் மாமா, தப்பு இருந்தா திருத்தி அனுப்பலாம். பொறுப்புல இருக்கிறவரு ஒத்துக்கினாதான் அது சேரும்." எனக்குப் பொறி தட்டியது. பெரியவள் கலைப்பிரியா கல்யாணப் பத்திரிகையில் தங்கள் பேர் கீழே போனதற்குத் தாங்கள் பந்தியிலிருந்து எழுந்து போனவராயிற்றே. அதனால் இந்தப் பத்திரிகையை அதே மாதிரி மாப்பிள்ளையின் மென்பொருள் வழியாகப் போனில் போட்டு, சொந்தக்காரங்க யாரு வேணா திருத்தலாம்னு விட்டுட்டோம், பொறுப்பு நானு. கோலியனூர் சித்தப்பா தன் பேருக்கு முன்னாடி முன்னாள் கவுன்சிலர்னு போட்டுக்கினாரு. முகையூர் பெரியம்மா 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில செத்துப்போன மாமனாரைச் சேத்தாங்க. பங்காளிங்க ஒருத்தர் பேருக்கு மேல ஒருத்தர் ஏறிக்கினே இருந்தாங்க. யார் பொல்லாப்பும் வேணாம்னு, வந்ததுக்கெல்லாம் படிக்காமலே சரி சரின்னு அமுக்கிக்கினே இருந்தேன். நம்ம குடும்பத்துல பத்திரிகை அச்சுக்குப் போயும் ஒருத்தரும் மூஞ்சியைத் தூக்காதது இதுதான் மொதல் தடவை. மனசு லேசாயிடுச்சி மச்சான்.

தங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். மல்லாட்டைக் கடலை கொஞ்சம் கொடுத்தனுப்புகிறேன். மலர்விழிக்குத் தங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டினாலும் மரியாதை குறையாத
விருத்தாசலம்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது அச்சான பத்திரிகைக் கட்டு வந்துவிட்டது. மணமகன் என்ற இடத்தில் தங்கள் மகன் செல்வகுமார் பெயர் இருக்கிறது. யார் எதைத் திருத்தினார்கள் என்பதையும் அந்த மென்பொருள் காட்டுமாம், இன்றுதான் தெரிந்தது. திருத்தியவர் அப்பாதுரை, ஒத்துக்கொண்டவர் விருத்தாசலம். மாப்பிள்ளை கோவப்படல, சிரிச்சிக்கினே தன் பேருல ஸ்டிக்கர் அடிக்கப் போயிருக்காரு. வேணிதான் கண்டிப்பா ஒரு உத்தரவு போட்டிருக்கா. ஜல்தியா கெளம்பி வாங்க மச்சான். அத்தனை பத்திரிகையிலயும் மாப்பிள்ளை பேரைத் தாய்மாமன் கையாலதான் ஒட்டணுமாம்.